சுட்டெழுத்து

கோட்டூர் கூட்டுறவு வங்கிக் கணினியில்
என் பென் டிரைவின் பெயர் இ.
முத்துப்பேட்டையில் ஜி.
இடும்பாவனத்தில் யாரோ
கார்டு ரீடரைப் பிடுங்காமல் விட்டிருந்ததால்
கே.
ஒரே டிரைவ்தான். அதே சிவப்பு நூல்,
மூடி தொலைந்து மூன்று மாதம்.

உள்ளே பதினோரு கிராமத்துப் பயிர்ச்சேதம்.
புல எண், உட்பிரிவு, சிட்டா நகல்,
சாய்ந்த சம்பாவின் படம்,
தண்ணீரில் கிடந்து முளைவிட்ட கதிரின் படம்.
ஊருக்கொரு குறுக்குவழி போட்டு
முகப்பில் வைத்திருந்தேன்.
திருத்துறைப்பூண்டியில், என் வீட்டு மேசையில்
அது இ.
அதனால் பதினோரு வழியும்
இ என்றே தொடங்கின.

இடும்பாவனத்தில் வரிசை
சைக்கிள் கொட்டகை வரை நீண்டிருந்தது.
உதயமார்த்தாண்டபுரத்தை இருமுறை சொடுக்கினேன்.
காணவில்லை என்றது திரை.
கோப்பு பக்கத்துக் கோப்புறையில்தான் இருந்தது,
கை நீட்டினால் தொடும் தூரம்.
கணினியோ
அங்கே இல்லாத இ-யின் வாசலில் நின்று
கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆறாம் வகுப்பில் படித்தது:
அ, இ, உ சுட்டெழுத்து.
(உ இப்போது கடுதாசித் தலையில்
பிள்ளையார் சுழியாக மட்டும் வேலை பார்க்கிறது.)
இ என்பது பெயரில்லை, விரல்.
சொல்கிறவள் நகர்ந்தால்
கூடவே நகர வேண்டியது.
அதைப் பிடித்துக் கதவிலக்கம் ஆக்கியது யார்?
நான்தான்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்,
டிரைவுக்குள்ளேயே வசிக்கிற
சின்னதொரு கோப்பு மேலாளர்.
வழி சொல்லும் முறையை முதலில் மாற்றினேன்:
நிற்கிற இடத்திலிருந்து சொல்.
இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே.
எங்கள் பக்கம் மேலே என்றால் மேற்கு,
தண்ணீர் வருகிற திசை.
மேலே ஒரு மதகு போ,
அங்கிருந்து கிழக்கே பிரிகிற மூன்றாம் வாய்க்கால்.
கடைமடையில் வயல் தேடுகிறவனுக்கு
கல்லணையிலிருந்து ஆரம்பித்து
வெண்ணாறு, மூணாறு தலைப்பு, கோரையாறு என்று
யாராவது வழி சொல்வார்களா?

எது எதைத் திறக்கும் என்பதில்தான்
எனக்கும் ஜெசிமாவுக்கும் சண்டை.
அவள் கூத்தாநல்லூரில், ஸ்பீக்கர் போனில்,
பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள்.
போகிற கணினியிலெல்லாம் நம் மென்பொருளையே
பதிந்துவிடலாமே என்றேன்.
மறந்துவிட்டாயா, என்றாள்.
போன தை மாதம்
செயலாளர் மகளின் கல்யாணப் படங்கள்
ஒவ்வொன்றும்
பயிர்ச்சேதம் எத்தனை விழுக்காடு என்று
கேட்டுக்கொண்டே திறந்ததை?
இரவல் வீட்டில் அடுப்பை இடம் மாற்றாதே.

ஆகவே உறவுகளும் டிரைவிலேயே,
ஒரு சின்ன எழுத்துக்கோப்பில்:
அட்டவணைக்கு அவர்களிடம் இருப்பது,
இல்லையென்றால் நாம் சுமந்து வந்தது.
பழைய எழுத்துருவில் அடித்த மனுக்கள்
குச்சியும் கட்டையுமாய்ச் சிதறாமல் இருக்க
தனியாக ஒரு வரி.
டிரைவைப் பிடுங்கியதும்
வந்துபோன தடம் எதுவும் இருக்கக் கூடாது.
இதை மட்டும் எட்டு முறை திருத்தினோம்.

திங்கட்கிழமை, இடும்பாவனம்.
கார்டு ரீடர் இன்னும் அங்கேயே,
நான் இன்னும் கே.
உதயமார்த்தாண்டபுரம் திறந்தது.
தில்லைவிளாகம் திறந்தது.
கொட்டகை வரிசை மெல்ல உள்ளே நகர்ந்தது.

பட்டியலின் கடைசி மனு மட்டும்
சாம்பல் நிறத்தில் நின்றது.
வீட்டுக் கணினியிலேயே கிடக்கிற கோப்பை
என்றோ அவசரத்தில் சுட்டிவிட்டிருக்கிறேன்.
எத்தனை இரண்டு புள்ளி வைத்தாலும்
டிரைவின் வேருக்கு மேலே வழி கிடையாது.
மனுதாரர்: செண்பகவல்லி.
ஒன்றே கால் மா, முழுச் சேதம்.
நான்தான்.

ஐந்து மணிக்குக் கவுண்டர் அடைப்பார்கள்.
இப்போது நாலு பத்து.
வண்டிச் சாவியைத் தேடினேன்.
இங்கேதான் எங்கோ
வைத்தேன்.